நட்டுவாக்காலியின் மழைக்கோட்டு

நட்டுவாக்காலி என்ற பெயரில் என் தங்கை வரைந்தது என்னைத்தான். வெளியே கேட்டால் கற்பனை என்பாள். என் மூக்கு, என் கட்டைமுடி, பதினேழு வயதில் நான் போட்டுக்கொண்டு திரிந்த பழைய மழைக்கோட்டு, மூன்று மடிப்பு மடித்த அதன் கை, இரண்டு பக்கமும் தொங்கும் பெரிய பைகள். இத்தனையும் கற்பனையாம். யாருக்குக் காது குத்துகிறாள் என்று தெரியவில்லை.

காமிக்ஸில் நட்டுவாக்காலி ஒரு திருடி. திருடியதை ஏழைகளுக்குக் கொடுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம், தானே வைத்துக்கொள்வாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டாள். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஓர் ஆள் கதவிடுக்கில் கையை விடுவான். இவள் கதவை ஓங்கிச் சாத்துவாள். அவன் விரல்கள் முறியும். அடுத்த பக்கத்தில் இவள் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு தெருவில் நடந்து போவாள். ஏன் சாத்தினாள், உள்ளே என்ன இருந்தது, ஒரு வார்த்தை கிடையாது. அந்தத் திமிருக்காகத்தான் புத்தகம் அப்படி விற்றது.

எனக்குத் தெரியும் உள்ளே என்ன இருந்தது என்று. அது எங்கள் வீட்டுக் குளியலறை. கையை விட்டவர் எங்கள் அப்பா, அந்தக் கையில் பெல்ட் இருந்தது. அவருடைய ஆபீஸ் காகிதத்தின் பின்பக்கத்தில் குதிரை வரைந்த குற்றத்துக்காக, உள்ளே வாளிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் என் தங்கை. அவளுக்கு எட்டு வயது. நான் கதவைச் சாத்தினேன். பெற்ற அப்பன் கையை ஒடித்தவள் என்று அம்மா என் துணிகளை ஒரு பையில் திணித்து வெளியே வைத்தாள். கொட்டுகிற மழையில் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போனவள்தான், திரும்பி அந்தப் படி ஏறவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா இப்போது தங்கையோடுதான் இருக்கிறார். கோணல் விரல்களோடு அவர் டம்ளரைப் பிடிக்கும்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறவர்கள் உச்சுக்கொட்டுவார்களாம்.

நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். காமிக்ஸ் வந்த புதிதில், அதில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு எந்த டிரைவரும் தாமதமாக வண்டி எடுக்கவில்லை, அவ்வளவு பயம். பிறகு அதைக் கார்ட்டூனாக எடுத்தார்கள். கோட்டை உருவிவிட்டு ஊதா கவுன் மாட்டினார்கள், தடுக்கித் தடுக்கி விழ வைத்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டியை உட்கார வைத்தார்கள். டிப்போவில் என்னைப் பார்த்து "மியாவ்" என்று ஒரு கண்டக்டர் சொன்னான். அவனுக்கு அந்த மாதம் முழுக்க விடியற்காலை வண்டிதான். அப்புறம் டிவி சீரியல். அதில் வெள்ளை உடையும் தலைவலி மூஞ்சியுமாக வாரம் ஐந்து நாள் அழுதாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய கைக்குழந்தை, விரல் முறிந்தவன் காலில் விழுந்து மன்னிப்பு வேறு. அதற்கப்புறம் அதே கண்டக்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, மனசு விட்டுப் பேசுங்க மேடம் என்றான். பயந்தபோது பிடித்திருந்தது, சிரித்தபோதும் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பரிதாபத்துக்குத்தான் வயிறு எரிந்தது.

இப்போது சினிமா. உடை ஒத்திகைக்கு அந்தப் பழைய கோட்டை எடுத்து வா, டைரக்டர் பார்க்க வேண்டுமாம் என்று தங்கை போன் செய்தாள். எனக்கு அவளிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அதற்காகத்தான் போனேன்.

ஒத்திகை அறையில் நடிகை மேடைமேல் நின்றாள். பளபளவென்று கறுப்புத் தோல் உடை, மூச்சு விட்டால் தெறித்துவிடும் போலிருந்தது. ஒரு பை இல்லை.

"எடுத்ததை எங்க வைப்பா?" என்றேன்.

"மனசைத் திருடுறவளுக்கு எதுக்கு மேடம் பை?" என்றார் உடைக்காரர். என் கோட்டை இரண்டு விரலால் தூக்கி நாற்காலியில் போட்டார்.

தங்கையைக் கதவோரம் தள்ளிக்கொண்டு போனேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். இந்தத் தடவையாவது கதவுக்குப் பின்னால அந்தப் பொண்ணை வை. பேர் வேண்டாம். எட்டு வயசுப் பொண்ணு, அவ்வளவுதான்."

"அப்பா படம் பாப்பாரு அக்கா."

"பாக்கட்டும்."

"அவருக்கு வயசாயிடுச்சு. இப்பப் போய் இதெல்லாம் எதுக்கு?"

"எனக்கும்தான் வயசாகுது. நீ ஒரு தடவை சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் வந்துவிட்டான். மீசை சரியாக முளைக்காத பையன், தொப்பி மட்டும் பெரிது.

"மேடம், நீங்கதான் உருவாக்கினவங்க, நீங்களே சொல்லுங்க. கதவுக்குப் பின்னால என்னதான் இருந்துச்சு? ஒருத்தன் பூனைங்கிறான், ஒருத்தன் குழந்தைங்கிறான்."

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "வெத்து ரூம். அவ சும்மாதான் சாத்தினா. அவ குணம் அப்படி."

"சூப்பர். காரணமே இல்லாத வெறி. இதை வச்சே முழுப் படத்தையும் கொண்டு போயிடலாம்."

"வெத்து ரூம் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அதுல நீ இருந்த. வாளிக்குப் பின்னால. ஜட்டியோட நனைஞ்சுபோய். வெளியில பெல்ட்டோட நின்னது யாருன்னு இவங்களுக்குச் சொல்லு."

உடைக்காரர் குண்டூசியை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நடிகை என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தங்கை சிரித்தாள். "எங்க அக்கா எப்பவும் இப்படித்தான் சார். புத்தகத்தை ரொம்பப் படிச்சுட்டாங்க."

அதற்குமேல் அங்கே எனக்கு என்ன வேலை? கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். தங்கை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே போவதற்காகக் கதவின் பிடியில் கை வைத்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

அவள் வெடுக்கென்று கையை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அன்றைக்கு வாளிக்குப் பின்னாலிருந்து அவள் அப்பாவைப் பார்த்த பார்வை அது. இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து வரைந்து, தன்னை உள்ளேயிருந்து அழித்துவிட்டு, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள்.

"பாத்தியா?" என்றான் டைரக்டர் நடிகையிடம். "நீ உள்ள வந்தா எல்லாரும் இப்படித்தான் கையை இழுத்துக்கணும்."

"நான் உன் விரலைத் தொட மாட்டேன்டி," என்றேன் தங்கையிடம். அவள் கையை இறக்கவில்லை.

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.