பதினேழு கிளிகளின் வாக்குமூலம்

மணலி சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில், ஆடி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பில்லிங் கிளார்க் ரேகாவின் மஞ்சள் சுடிதாரில் அச்சடித்திருந்த பதினேழு கிளிகளும் துணியை விட்டுப் பறந்தன. சுடிதாருக்குச் சேதம் ஒன்றுமில்லை. கிளி இருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகிவிட்டன.

ரேகா நெட்டுக்குப்பத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் மேனேஜர் வெள்ளத்துரை தினம் ஒரு தடவை அவள் மேஜைக்கு வந்து, பில்லைப் பார்ப்பதுபோல் குனிந்து, அவள் உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். இறுக்கமாக இருந்தால் அதற்கொன்று, தொளதொளவென்று இருந்தால் அதற்கொன்று. சாம்பல் நிறத்துக்கு மாறிப் பார்த்தாள்; மறைக்க மறைக்கத்தான் பார்க்கத் தோன்றுகிறது என்றார். வேகிற வெயிலில் துப்பட்டாவை நாலு பின் குத்திக்கொண்டு போனாள். குத்தியிருந்த பின்களையும் எண்ணிச் சொன்னார். முதலாளி ஜஹாங்கீரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவரில்லை. "வேற யாராவது காதால கேட்டாங்களாம்மா?" என்றார். யாரும் கேட்டதில்லை. வெள்ளத்துரையின் குரல் அவள் காதைத் தாண்டிப் போகாது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா அங்கம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் கண்ணு கலீஜுன்னா நீ இன்னாத்துக்கு வேலய வுடணும்? உனுக்குப் புடிச்சத போட்டுகினு போ." மறுநாள் ரேகா கிளி போட்ட சுடிதாரில் போனாள். வெள்ளத்துரை குனிந்து, "கிளியெல்லாம் நல்ல எடமாப் பாத்துதான் உக்காந்துருக்கு" என்றார். கிளிகள் எழுந்தது அப்போதுதான்.

மின்விசிறி, ஏ.சி., ஃபைல் அலமாரி என்று இடம் பிடித்து உட்கார்ந்தவை, வெள்ளத்துரையின் அதே குரலில், எட்டு மாதத்துப் பேச்சையும் தேதியோடு உரக்கச் சொல்லத் தொடங்கின. அப்போது அங்கே ஆறு லாரி டிரைவர்களும் கஸ்டம்ஸ் ஏஜென்ட் இரண்டு பேரும் இருந்தார்கள். பழைய பேச்செல்லாம் அவற்றுக்கு எப்படித் தெரியும் என்று எவரும் கேட்கவில்லை. கேட் என்ட்ரி எழுதும் சாபிரா மட்டும் ரேகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனயும் உள்ளயே வெச்சினு இருந்தியாடி?" என்றாள். ரேகா அழப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்த ஒரு டிரைவரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

ஜஹாங்கீர் அலுவலகத்திலேயே வைத்த விசாரணைக்கு ராயபுரத்திலிருந்து வக்கீல் ரெஜினா வந்தார். கிளி சொல்வதெல்லாம் சாட்சியா என்று கேட்டார் வெள்ளத்துரை. "கிளிய வுடுங்க சார். குரல் உங்களுதுதானே?" என்றார் ரெஜினா. வெள்ளத்துரை வாயைத் திறந்தார். பதினேழும் கழுத்தைச் சாய்த்தன. அவர் வாயை மூடிக்கொண்டு, பேப்பர் கேட்டு வாங்கி, மன்னிப்பையும் ராஜினாமாவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்.

கிளிகள் துணிக்குத் திரும்பவில்லை. டிரைவர்கள் கொய்யாப்பழம் கொண்டுவருகிறார்கள். ஜன்னலில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது சாபிராவின் பொறுப்பு. ரேகா இரண்டே வருடத்தில் பில்லிங் பிரிவுக்குத் தலைமை ஆனாள். நேற்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று அங்கே யாரைக் கேட்டாலும், கொஞ்சம் யோசித்துவிட்டு, கவனிக்கவில்லையே என்கிறார்கள்.