நாலு நட்சத்திர மாமனார்

லிஃப்ட் பழுது பார்க்க எங்கள் கம்பெனி எப்போதும் இரண்டு பேரைத்தான் அனுப்பும். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று நானும் காத்திருப்பேன். மோட்டார் மொட்டை மாடியில் ஓர் அறைக்குள் இருக்கிறது. பெட்டி கீழே எங்கோ கயிற்றில் தொங்குகிறது. மேலே நிற்பவரின் கையில் மோட்டார் இருக்கும். பெட்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. கீழே நிற்பவருக்குப் பெட்டி தெரியும். மோட்டாரைத் தொட முடியாது. கை ஒருவரிடம், கண் இன்னொருவரிடம். இருவரும் விடாமல் பேசிக்கொண்டிருந்தால்தான் அந்தக் கையும் கண்ணும் சேர்ந்து ஒரு ஆளாகும்.

அந்த இரண்டு பேரைக் கோத்து அனுப்புவது என் வேலை. ஒருவர் பர்மனென்ட்காரர். மாதச் சம்பளமும் மோட்டார் அறைச் சாவியும் அவருக்கு. இன்னொருவர், நாங்கள் 'ஆப் ஆள்' என்று சொல்பவர். கைப்பேசிச் செயலியில் வேலை வந்தால் எடுத்துக்கொள்வார், செய்த வேலைக்கு மட்டும் கூலி. பர்மனென்ட்காரர் எந்த வேலையையும் மறுக்க முடியாது. ஆனால் அவருக்குத் திடீரென்று காய்ச்சல் வரலாம். ஆப் ஆளுக்குக் காய்ச்சலே வராது, ஆனால் மறுக்கலாம். இந்த இரண்டையும் சமாளித்துக் காலைக்குள் எல்லாக் கட்டடத்துக்கும் ஜோடி போட்டுவிட்டால் எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுக்கும்.

ஜோடி பொருத்த ஒரு கணினி உண்டு. யாருடைய வீடு யாருடைய வீட்டுக்குப் பக்கமோ அவர்களைச் சேர்த்துவிடும். அதற்கு உறவுமுறை தெரியாது, தூரம்தான் தெரியும். அதனால் பர்மனென்ட்காரர்களில் மூத்தவரான சாவி மாமாவையும், ஆப் ஆளான அவர் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்தது. சாவியை இடுப்பிலிருந்து இறக்காதவர் என்பதால் அவர் ஆபீஸுக்கே சாவி மாமா. மாப்பிள்ளை ஆபீஸுக்கே மாப்பிள்ளை. இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு யாரும் வீடு வாடகைக்குத் தருவதில்லை. அதனால் மாப்பிள்ளை மனைவியோடு மாமனார் வீட்டின் பின்னறையில் இருந்தார். அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். பர்மனென்ட் ஆனால் தனி வீடு. மாப்பிள்ளைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. பிறகுதான் நட்சத்திரம் வந்தது.

வேலை முடிந்ததும் கூட வந்தவருக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று செயலி இருவரையும் கேட்கும். யார் கொடுத்தது என்பது ரகசியமாக வைக்கப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். போனதே இரண்டு பேர். இதில் ரகசியத்தை எங்கே வைப்பது என்று செயலியைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை. மாப்பிள்ளையும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை சாவி மாமா என் மேசைக்கு வந்து கைப்பேசியை மல்லாக்க வைத்தார்.

"நாலு," என்றார்.

நாலு நல்ல மதிப்பெண்தானே என்று சொல்லிப் பார்த்தேன்.

"பொண்ணையே குடுத்திருக்கேம்மா. அதுக்கு மேல ஒரு ஸ்டாருக்கு நான் எங்க போவேன்?"

அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளையோடு பேசுவதில்லை. வீட்டில் மகள் தூது போனாள். வேலை இடத்தில் நான். மேலேயிருந்து எனக்குக் கூப்பிட்டு, "பெட்டிய மூணாவது மாடியில நிறுத்தியிருக்கு, பாக்கச் சொல்லும்மா அவர" என்பார். நான் கீழே கூப்பிட்டுச் சொல்வேன். "நின்னுடுச்சு மேடம், சீனியர்கிட்ட சொல்லிடுங்க" என்பார் மாப்பிள்ளை. இப்படி என் நாற்காலியை விட்டு எழாமலே நான் பல லிஃப்டுகளைப் பழுது பார்த்திருக்கிறேன். வேறு ஜோடி போட்டிருக்கலாம். ஆனால் பர்மனென்ட் ஆவதற்கு ஒரே மூத்தவரோடு தொடர்ந்து வேலை செய்து, கடைசி வேலையில் அவரிடம் ஐந்து நட்சத்திரம் வாங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம்தான். நடுவில் ஆளை மாற்றினால் முதலிலிருந்து ஆரம்பம். மாப்பிள்ளை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் குளியலறை வாசலில் துண்டோடு காத்திருப்பவரின் பொறுமை இருந்தது.

கடைசி வேலையை நேரில் பார்ப்பது என் பொறுப்பு. ஏழு மாடிக் கட்டடம். நான் போனபோது சாவி மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி மோட்டார் அறைக்குப் போய்விட்டிருந்தார். சோதனை ஓட்டம் முடியாத லிஃப்டில் அவர் ஏறமாட்டார். மாப்பிள்ளை தரைத்தளத்தில் நின்றார். ஓட்டம் முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்று எனக்குக் கதவைப் பிடித்தார். நான் ஏறினேன்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்கும் முன் மேலே இருப்பவர், "பெட்டி காலியா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் "காலி" என்ற பிறகுதான் அணைக்கலாம்.

சாவி மாமா கேட்டார். என்னிடம் கேட்டார், குரல் பதிவாக. அதே நேரத்தில், மேடம் லிஃப்டில் வருகிறார், சீனியரிடம் சொல்லிவிடுங்கள் என்று மாப்பிள்ளையும் என்னிடமே சொன்னார், குரல் பதிவாக. நான் இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். பதில் வரவில்லை. வீட்டில் மகள் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துப் பழகியவர் சாவி மாமா. அணைத்துவிட்டார்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்றேன். இருட்டு. பயம் வராமல் இருக்க, பெட்டி ஏன் விழாது என்பதை எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். கரண்ட் போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கயிற்றின் மறுமுனையில் எதிர் எடை தொங்குகிறது; உள்ளே ஒருத்தி மட்டும் இருந்தால் அந்த எடைதான் கனம், பெட்டி மேலே போகத்தான் பார்க்கும். விளக்கம் மிகச் சரியாக இருந்தது. பயம்தான் போகவில்லை. அபாய மணியை அழுத்தினேன்.

நான்காவது மாடிக் கதவை மாப்பிள்ளை, லிஃப்ட் கதவுகளை வெளியிலிருந்து திறக்கும் முக்கோணச் சாவி போட்டுத் திறந்த சத்தம் கேட்டது. நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் எனக்குப் போன் போட்டுப் பார்க்கிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. பழக்கம்.

கடைசியில், "மாமா" என்றார்.

லிஃப்ட் ஓடும் குழி நல்ல ஊதுகுழல். கயிறு இறங்கும் ஓட்டைகள் வழியாக அந்தச் சத்தம் மோட்டார் அறைக்குள் ஏறிவிட்டது. எல்லா மாடிக்கும் கூடவே போயிற்று.

"யாரு கூப்பிடறது?" என்றது மேலேயிருந்து.

"நாலு ஸ்டார் போட்டவன்தான். உள்ள மேடம் இருக்காங்க. பெட்டிய மேல ஏத்துங்க."

பிரேக் கட்டையைத் தளர்த்தும் சத்தம். "எவ்வளவு மாப்பிள்ளை?"

"ரெண்டு முழம். மெதுவா."

பெட்டி ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டிருந்தபோதே சாவி மாமாவால் வாயை அடக்க முடியவில்லை. "எதுக்கு ஒண்ணக் கொறச்சீங்க?"

"இப்பவா மாமா?"

"இப்ப விட்டா நாம எப்பப் பேசப் போறோம்?"

"முட்டி வலியோட எல்லா மாடியும் ஏறுறீங்க. சாவியக் குடுங்க, நான் மேல போறேன்னா குடுக்கறதில்ல. ராத்திரி முழுக்க அத்தை தைலம் தேய்க்கிறாங்க. அதுக்குத்தான் கொறச்சேன். இன்னும் ஒரு முழம்."

"சாவி பர்மனென்ட்காரன் கையில இருக்கணும்னு சட்டம்."

"அப்ப என்னை பர்மனென்ட் ஆக்குங்க."

இரண்டாவது மாடியிலிருந்து ஒரு பெண் குரல், நியாயமாகத்தானே கேட்கிறார் என்றது. ஐந்தாவது மாடியில் ஒருவர், பெரியவருக்கு மூட்டு வைத்தியர் விலாசம் வேண்டுமா என்று விசாரித்தார். எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

"ஒரு சாண். போதும் மாமா, பிடிங்க."

பெட்டி நான்காவது மாடித் தரைக்கு இம்மி பிசகாமல் நின்றது. பெட்டியின் கதவு திறந்ததும் மாடியே கூடி நின்று என்னை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தது.

நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினேன். நடுவில் நான் தூது போனதுதான் விபத்துக்கு வழி என்பதையும் எழுதினேன். பர்மனென்டுக்கான அந்தக் கடைசி நட்சத்திரம் போட மூத்தவருக்கு மட்டுமே அதிகாரம். சாவி மாமா படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை மேலே தள்ளி, ஒவ்வொரு நட்சத்திரமாக அழுத்தினார். நான்காவதில் விரல் நின்றது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதையும் அழுத்தினார்.

"பாசமெல்லாம் இல்லம்மா," என்றார் என்னிடம். "காலையில எனக்கு பாத்ரூம் வேணும்."

மாப்பிள்ளை பர்மனென்ட் ஆனார். அடுத்த தெருவில் வீடு பார்த்துப் போனார். ஜோடியில் ஒருவர் பர்மனென்ட், ஒருவர் ஆப் ஆள் என்பது விதி. அதனால் இனி இருவரையும் சேர்த்து அனுப்ப முடியாது. மாப்பிள்ளைக்கு இப்போது சொந்தச் சாவி, சொந்தமாக ஓர் ஆப் ஆள். சாவி மாமாவைப் படி குறைவான கட்டடங்களுக்குப் போட்டேன். மகளும் மாப்பிள்ளையும் தினம் சாப்பிட வருவதால் வீட்டில் கூட்டம் குறையவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்.

போன வாரம் மாப்பிள்ளை என் மேசைக்கு வந்தார். இடுப்பில் சாவி ஆடியது. கைப்பேசியை மல்லாக்க வைத்தார்.

"மூணு," என்றார். "பேரு போடல மேடம். ஆனா போனதே நாங்க ரெண்டு பேருதான்."

என்ன நடந்தது என்று கேட்டேன். அந்தப் பையன் மேலே போகிறேன் என்று சாவி கேட்டானாம். இவர் தரவில்லையாம்.

பக்கத்து நாற்காலியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சாவி மாமா நிமிரவே இல்லை.

"எனக்கு நாலு," என்றார்.