மாடி தெற்கு என்று எழுதிய சுவிட்ச்

1.

இந்தக் கதையில் ஒரே ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் இன்னொருவர் வாயிலிருந்து.

ஜப்பானில், நாகாஓகா என்ற ஊரில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். நாலு வருடத்துக்கு ஒருமுறை மின் பாதுகாப்பு ஆய்வாளர் வீட்டுக்கு வருவார். குளியலறை வாசலுக்கு மேலே இருக்கும் மின்பெட்டியைத் திறந்து, எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். போன நவம்பரில் வந்தவர் மினாகவா என்ற பெண்மணி. கையோடு ஒரு ஸ்டூல் கொண்டுவந்திருந்தார். அதில் ஏறி நின்றுகொண்டு பேச்சுவாக்கில் சொன்னார்:

"சில வீடுகள்ல, ஒரு சுவிட்ச மட்டும் தொடாதீங்கன்னு கெஞ்சுவாங்க. ஏன்னு நான் கேட்டதே இல்ல."

நானும் கேட்கவில்லை. அவர் போனதும் நோட்டை எடுத்தேன். அவர் பெயரைக்கூட மாற்றவில்லை, அவ்வளவு துணிச்சல் எனக்கு.

2.

முதல் ஆரம்பம்: "ஹோஷினா தமியேயின் வீட்டு மாடியில் பதினோரு வருடமாக ஒரு பேய் —"

வேண்டாம். பேய் என்றதும் நீங்கள் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

இரண்டாவது: "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு —"

நாகாஓகாவில் பனி கொட்டுவதெல்லாம் ஒரு செய்தியா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். தமியேவுக்கு அறுபத்தெட்டு வயது. மகன் தொமோகிக்கு நாற்பத்தொன்று. பதினோரு வருடத்துக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு வந்தவன், மாடியில் தெற்குப் பக்க அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அக்கம்பக்கத்தாரைப் பொறுத்தவரை அவன் நகோயாவில் வேலை பார்க்கிறான். தமியே மூன்று வேளையும் கதவுக்கு வெளியே தட்டை வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலித் தட்டை எடுத்துக்கொள்வாள்.

முதல் வருடம், பொறுமை இழந்த அப்பா கீழேயிருந்து அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்தினார். உடனே மேலே தரையில் தொம் தொம்மென்று இரண்டு உதை. பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து குரல்:

"இன்னொரு தடவ அந்த சுவிட்ச தொட்டீங்கன்னா, நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க."

அவர்கள் கேட்ட அவனுடைய கடைசிப் பேச்சு அதுதான். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. தமியே அந்த சுவிட்சைத் துணி வைத்துத் துடைத்ததுகூட இல்லை.

இப்போது இரண்டு நாளாகத் தட்டு வைத்தபடியே இருக்கிறது.

[கூப்பிட்டுப் பார்த்தாளா? பார்த்தாள். பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாததுதான் அந்த வீட்டில் பதினோரு வருட வழக்கம். கதவை உடைக்கலாமே? உடைத்தால் உள்ளே இருப்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரு தாய் இப்படி இருப்பாளா என்ற சந்தேகத்தில் இந்த இடத்தில் மூன்று வாரம் கதையை மூடிவைத்தேன். இப்போது நம்புகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.]

அவள் செய்தது ஒன்றுதான். மின் ஆய்வு அலுவலகத்துக்குப் போன் போட்டு, பெட்டியில் ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்றாள். பொய்.

3.

மினாகவா பெட்டியை மூடப்போனார்.

"கசிவு எதுவும் இல்லம்மா. எந்த ஒயரும் சூடாகல. பெட்டி நல்லா திடமா இருக்கு."

"என்னைவிடவா?"

"அதுக்கு மூட்டுவலி இல்லையே!"

தமியே சிரிக்கவில்லை. "மாடி தெற்குன்னு ஒரு சுவிட்ச் இருக்குல்ல. அத ஒரு தடவ அணைச்சுப் பாருங்களேன்."

"தேவையே இல்லம்மா. அங்க யார் இருக்கா?"

"யாரும் இல்ல. பையன் நகோயால இருக்கான்."

மினாகவா மின்னோட்டம் அளக்கும் மீட்டரின் கவ்வியை அந்த ஒயரைச் சுற்றி மாட்டினார். 0.9 ஆம்பியர்.

"கரண்ட் ஓடுதேம்மா."

"ஓடட்டும். நீங்க அணைங்க." தமியேவின் கை ஸ்டூலின் காலைப் பிடித்திருந்தது. "ஆய்வுக்கு வந்தவங்க அணைச்சா, நான் தொட்டதா ஆகாது இல்லையா, மினாகவா சான்?"

மினாகவா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மாடிப்படிப் பக்கம் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. எதை அணைப்பதானாலும் விரலை நீட்டி உரக்கச் சொல்லிவிட்டு அணைப்பது அவர்கள் தொழிலில் ஊறிப்போன வழக்கம்.

"மாடி தெற்கு! அணைக்கிறேன்!"

டக்.

வீடு முழுக்கக் கேட்டிருக்கும். தமியே கூரையைப் பார்த்தபடி நின்றாள். உதை விழவில்லை. சமையலறையில் குழாய் ஒரு சொட்டு விட்டது, இன்னொரு சொட்டு விட்டது. அவள் உதடு மட்டும் அசைந்தது. "ஒதைடா. ஒரே ஒரு தடவ."

"போட்டுடறேம்மா."

"இன்னும் கொஞ்ச நேரம்."

எழுதுகிறவள் நான்தான், இருந்தும் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"மாடி தெற்கு! போடறேன்!"

டக். 0.3.

"முன்னாடி 0.9 இருந்துச்சே?" என்றாள் தமியே.

"ஃப்ரிட்ஜ் மாதிரி சிலது தானா ஓட ஆரம்பிச்சிடும். கம்ப்யூட்டர், மின்போர்வை எல்லாம் அப்படி இல்லம்மா. மறுபடி 0.9 வரணும்னா யாராவது கை வெச்சு அழுத்தணும்."

இரண்டு பேரும் மீட்டரில் தெரிந்த எண்ணைப் பார்த்தார்கள்.

4.

ஒரு முடிவில் எண் 0.9 ஆனது. தமியே அழுதாள், படித்துப் பார்த்தேன், மலிவாக இருந்தது. இன்னொரு முடிவில் எண் அசையவில்லை, ஆம்புலன்ஸ் வந்தது, நாலு பேர் படியேறிப் போய்க் கதவை —

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.*

* இந்த மீட்டர், பொத்தானை அழுத்தாமல் விட்டால் சில நிமிடத்தில் தானே அணைந்துபோகும். அதனால் மினாகவா அழுத்திக்கொண்டே இருக்கிறார். என் நோட்டில் அவர் ஸ்டூல் மேல் ஏறி இன்றோடு பதினோரு நாள்.

5.

காரணம் சொல்கிறேன் என்றேன்.

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கப்புறம் நாற்பது நாள் நான் அறையை விட்டு வரவில்லை. என் கணவர் நல்லவர். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பகலில் கீழேயிருந்து என் அறையின் மின்சாரத்தை நிறுத்தினார். ஜன்னலின் கனத்த திரைக்குப் பின்னால் எனக்கு எல்லாம் இருண்டது. படிக்கட்டுக்குக் கீழே அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. கோபமில்லை. சத்தம் போட்டால் நான் இன்னும் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அது முடியவில்லை. என் சத்தத்துக்குக் காதுகொடுத்து நின்ற அவருக்கு நானும் காதுகொடுத்துக் கிடந்தேன். அவரும் கதவை உடைக்கவில்லை. மின்சாரம் திரும்பி வந்தது; விளக்கு தானாக எரியாத ரகம். விளக்குப் பொத்தானை நான் அழுத்தியது அன்றைக்கா மறுநாளா என்பதுகூட நினைவில்லை.

ஆகவே உதை விழாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவன் இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தமியேவுக்குத் தெரியாது. மினாகவாவுக்குத் தெரியாது. எண்ணை மாற்றும் கை கீழே யாரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அதனால் உங்களை அந்த மாடி அறைக்கு உள்ளே வைக்கிறேன். திரை மூடியிருக்கிறது. குளிர்ந்துபோன போர்வை. மூலையில் ஃப்ரிட்ஜ் மட்டும் மறுபடி உறும ஆரம்பித்திருக்கிறது. கம்ப்யூட்டர் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கை உங்களுடையது, அது அசையுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

தரைக்கு அடியிலிருந்து, உங்களுக்கு மட்டும் கேட்கிற அளவில், ஒரு குரல்:

"தொமோகி, நான் தொடல. அவங்கதான் அணைச்சாங்க. நான் தொடவே இல்லடா."