அத்தானின் முகம் இல்லாத காட்சி

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கேமராவைக் கண்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எங்கள் படத்தில் நடித்தபோது எந்த டேக்கிலும் எதிரே உட்கார்ந்திருந்த நடிகையை அவர் பார்க்கவேயில்லை, லென்ஸைத்தான் பார்த்தார். அத்தான் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற, வேலையைவிட்டு அனுப்புகிற அதிகாரி. படத்திலும் அதே வேடம். 'இனி உங்களுக்கு இங்கே வேலை இல்லை' என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். அந்தக் குரலுக்காகவே டைரக்டர் அவரைப் பிடித்துப் போட்டார்.

எடிட்டர் நான். கடைசியில் எல்லாம் என் தலையில்தானே விழும்? அத்தான் முகம் வந்த இடமெல்லாம் வெட்டிப் பார்த்தேன். காட்சி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது. நடிகையின் முகம் மட்டும், அதன்மேல் அத்தானின் குரல். சவுண்ட் டிசைன் செய்தவளை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். அவள் ஃபேன் இரைச்சலை எடுத்துவிட்டு, பேசும்போது அத்தான் பேனாவை டிக் டிக்கென்று அமுக்கிய சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்தாள்.

அக்காவோ சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். அத்தான் தியேட்டருக்குப் போகப் புதுச் சட்டையே எடுத்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் அவரை மூக்கறுப்பதைவிட இப்போதே காட்டிவிடலாம் என்று ஒரு மதியம் எடிட்டிங் அறைக்கு வரச்சொன்னேன்.

"என் சீனைப் போடு மாப்ள" என்றார், காலரைச் சரிசெய்துகொண்டே.

போட்டேன். குரல் வந்தது, ஆள் வரவில்லை.

"நான் எங்க?"

"நீங்க லென்ஸையே பாத்துட்டீங்க அத்தான். ஒரு ஷாட்கூட தேறல."

அவர் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாகிவிட்டது. காட்சி கெட்டால் கெடட்டும் என்று, "ஒரே ஒரு ஷாட் வேணா ஒட்டித் தரேன்" என்றேன்.

"இரு. மறுபடி போடு."

இந்த முறை அவர் தன்னைத் தேடவில்லை. திரையில் அந்தப் பெண் தலையாட்டினாள். என்ன சொல்கிறார்கள் என்றே உறைக்காமல், மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் பேசறப்ப இந்தப் பொண்ணு இப்படியா இருந்துச்சு?"

"எல்லா டேக்லயும் அப்படித்தான் அத்தான்."

"ஆபீஸ்லயும் நான் யார் மூஞ்சியையும் பாத்ததில்ல மாப்ள. பாத்தா வாய் வராது. பேப்பரப் பாத்துட்டே சொல்லி முடிச்சிடுவேன்."

இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை.

"அப்ப அந்த ஷாட்ட ஒட்டட்டுமா?"

"வேணாம். இவளையே வை. உங்கக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எழுந்தவர் கதவருகே போய் நின்றுவிட்டார்.

"நாளைக்குக் காலைல ஒருத்தர என் ரூமுக்கு வரச்சொல்லியிருக்கேன்" என்றார். "எப்படிச் சொல்லப்போறேன்னு தெரியல மாப்ள."