தூங்காத ஒனேலியோவின் கடைவாய்ப்பல்

ஒனேலியோவின் கடைவாய்ப்பல் திங்கட்கிழமை காலையில், காபியின் முதல் மடக்கில் கண்விழித்தது. வேறு யாருக்காவது வந்திருந்தால் அது வெறும் பல்வலி. ஒனேலியோவுக்கு வந்ததால் அது குடும்பத்தின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

லாஸ் பல்மித்தாஸ் ஊரிலேயே வலி தெரியாத மனிதன் என்று பேர் வாங்கியவன் அவன். அவன் மனைவி மிக்தாலியா ஊர் மருத்துவமனையில் பல் டாக்டர். மரக்கவைக்கிற ஊசி மருந்து கியூபாவின் இந்த மூலைக்கு வருவது கோடை மழை மாதிரி, வந்தால் வரும். அது அடியோடு வராத ஒரு வருஷம் மிக்தாலியா ஹவானாவுக்குப் போய் ஹிப்னாடிசம் படித்துவிட்டு வந்தாள். வந்த கையோடு ஊரைக் கூட்டி, கணவனை நாற்காலியில் உட்காரவைத்து, “நீ கடற்கரையில இருக்க, அலை வருது, அலை போகுது” என்று ராகம் போட்டுச் சொல்லி, அவன் புறங்கைத் தோலில் ஊசியைச் செருகிக் காட்டினாள். ஒனேலியோவுக்குக் கடற்கரை வரவில்லை. அலையும் வரவில்லை. ஊசி மட்டும் வந்தது. கட்டிய மனைவி நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாதே என்று, கண்ணை மூடியபடி மூச்சுக் காட்டாமல் இருந்தான். ஊர் கைதட்டியது.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் டாக்டரம்மாவின் குரல்தான் மருந்து. டோமினோ மேசையில் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்தால், ஆட்டத்தை நிறுத்தாமலே அவனைக் கடற்கரைக்கு அனுப்புவாள். கல்யாணப் பெண்ணுக்கு இரவல் செருப்பு கடித்தபோது அவள் இரண்டு காலையும் மரக்கவைத்தாள். பெண் அத்தனை பேரையும் களைக்கவைத்து ஆடி, செருப்பின் ஒரு குதியை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்தாள். பேருந்து ஓட்டுநர் ரிகோபெர்தோவுக்குக் கழுத்துவலி வந்த அன்று அவள் ராகம் போட, பின்னால் உட்கார்ந்திருந்த பயணிகள் பாதிப் பேரும் சேர்ந்து தூங்கிச் சாய்ந்துவிட்டார்கள். ரிகோபெர்தோ மட்டும் விழித்திருந்து, வலியில்லாமல், இறங்க வேண்டிய ஊர்களையெல்லாம் தாண்டி ஓட்டிக்கொண்டு போனான். ஒருவரும் புகார் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் அஸ்திவாரம் ஒனேலியோ. அந்த அஸ்திவாரம் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. அவன் மின்விசிறி பழுதுபார்க்கிறவன். சுற்றாத விசிறியைச் சுற்றுகிறது என்று சொன்னால் ஒரு நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும். இந்தப் பொய்யோ மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில், கருப்பு பீன்ஸ் சோற்றை அவன் இடது பக்கமாக மட்டும் மெல்லுவதைப் பார்த்தாள் மிக்தாலியா.

“வாயைத் திற.”

திறந்தான். ஒரு பார்வைதான் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“இது தேறாது. எடுத்துடணும். ஒனேலியோ, வியாழக்கிழமை மாகாணத்துலேந்து குழு வருது. குரல் வைத்தியத்துக்குக் குடுத்திருக்கிற ரூமைப் பிடுங்கி உடைஞ்ச நாற்காலியெல்லாம் போட்டு வைக்கலாமான்னு பாக்க வராங்க. அவங்க முன்னாடி யாரை உக்காரவைக்கிறதுன்னு நான் மண்டையை ஒடைச்சிட்டிருந்தேன். கடவுளாப் பாத்து உனக்கு இந்தப் பல்லைக் குடுத்திருக்கார்!”

“கடவுள் வேற யாருக்காவது குடுத்திருக்கலாம்” என்றான் ஒனேலியோ.

“உன்னை மாதிரி யாரு தூங்குவா?” என்று அவன் கன்னத்தைத் தட்டினாள். வலித்த கன்னம். அவன் சிரித்துவைத்தான்.

அவனுக்குப் பயமாக இருந்தது, அதில் மறைக்க ஒன்றுமில்லை. புறங்கைத் தோல் வேறு, கடைவாய்ப்பல் வேறு. நாற்காலியில் அவன் ஒரு கத்துக் கத்தினால் போதும், அவள் ரூம் போய்விடும், ஊருக்கு இருந்த ஒரே மருந்தும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் மூன்று வருஷமாக ஏமாற்றியது அவளுக்குத் தெரிந்துவிடும். பல்லைவிட இதுதான் அவனை அதிகம் குடைந்தது.

செவ்வாய்க்கிழமை தானே தன்னைத் தூங்கவைக்கப் பார்த்தான். கண்ணாடி முன் நின்று கடற்கரை, அலை எல்லாம் சொன்னான். கண்ணாடியில் இருந்தவன் இவனை நம்பவில்லை. புதன்கிழமை ரொட்டிக் கடைக்குப் போனான்.

லாஸ் பல்மித்தாஸில் வரிசை என்றால் யாரும் வரிசையாக நிற்க மாட்டார்கள். வருகிறவர் “கடைசி யாரு?” என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீ. அவருக்கு முன்னால் யார் என்றும் கேட்டு வைத்துக்கொண்டால், நிழலில் உட்காரலாம், வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம், இடம் எங்கேயும் போகாது. வரிசை என்பது ஊரார் தலைக்குள் இருக்கிற சங்கதி. அதை மறந்தவனை இந்த ஊர் மன்னிக்காது. பெற்ற தாயின் பிறந்தநாளை மறந்தால் மன்னித்துவிடும்.

அன்று கடைசியாக இருந்தது டிக்னா. மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள், ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. அவளுக்கு ஞானப்பல் எடுத்ததும் டாக்டரம்மாவின் குரலால்தான். ஒனேலியோ பக்கத்தில் போய்க் குனிந்தான்.

“டிக்னா அக்கா, அன்னிக்குப் பல் எடுத்தப்போ நீங்க எப்படித் தூங்கினீங்க?”

“நானா? கெணத்துல போட்ட கல்லு மாதிரி.” டிக்னா ரொட்டிக் கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எதுக்குக் கேக்கிற? நீதான் தூக்கத்துல ராஜாவாச்சே.”

“சும்மாத்தான்.”

“சும்மாக் கேக்கிறவன் மூஞ்சி இப்படி வேர்க்காது.”

அதற்குள் செருப்புத் தைக்கிற ருபேன் நேராகப் போய்க் கடைப் பலகையில் கை வைத்தான். ஒனேலியோ நிமிர்ந்தான்.

“ஏய் ருபேன்! எனக்கு முன்னாடி டிக்னா அக்கா. அவங்களுக்கு முன்னாடி அந்தப் பச்சைத் தொப்பி. நீ யாருக்குப் பின்னாடி?”

“நான் காலையிலேயே சொல்லிட்டுப் போனேன்!”

“யார்கிட்ட சொன்ன? சொர்க்கத்துல இருக்கிற உங்க மாமாகிட்டயா?”

சண்டை சூடு பிடித்தது. பச்சைத் தொப்பி சாட்சி சொன்னான், டிக்னா தொண்டையைத் திறந்தாள், ருபேன் வாலைச் சுருட்டிக்கொண்டு வேப்பங்காய் தின்ற முகத்தோடு நிழலுக்குப் போனான். ரொட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் ஒனேலியோவுக்குப் பல் என்று ஒன்று இருப்பது மறுபடி நினைவுக்கு வந்தது. தெருவின் அந்தப் பக்கம், வேலை முடிந்து வந்த மிக்தாலியா பையோடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை முழுவதும் பார்த்திருக்க வேண்டும். தனக்குள் சிரித்தாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. தலைவர் டாக்டர் பெர்தோமோ, இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். கூட வந்த இரண்டு பேரும் அவர் தலையாட்டினால் தலையாட்டுகிற ஜாதி. வெளியே காத்திருக்கும் கூடத்தில் ஊரில் பாதி கூடியிருந்தது. வலி இருந்தவர்களும் வந்திருந்தார்கள், இல்லாதவர்களும் வந்திருந்தார்கள்.

“வெளிப்படையாச் சொல்லிடறேன், டாக்டர்” என்றார் பெர்தோமோ. “எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. பேஷன்ட் ‘ஆ’ன்னு ஒரு சத்தம் போட்டாலும் இந்த ரூம் உடைஞ்ச நாற்காலிக்குத்தான்.”

“போட மாட்டார்” என்றாள் மிக்தாலியா.

ஒனேலியோ உட்கார்ந்தான். அலை வந்தது, அலை போனது. அவள் குரல் தேன்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடற்கரை என்றதும் அவனுக்குப் போன வருஷம் கடற்கரைக்குப் போகப் பேருந்து வராமல் வெயிலில் காய்ந்ததுதான் ஞாபகம் வந்தது. இடுக்கி பல்லைப் பிடித்தது. மிக்தாலியா ஒரு பக்கம் அசைத்தாள். காதுக்குள் யாரோ சுத்தியலால் அடித்தார்கள். மறுபக்கம் அசைத்தாள். செத்துப்போன அவன் அப்பா வாசலில் வந்து நின்று, “வாடா” என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பல்வலிக்கு அந்தப் பழமொழியே போதாது. தொண்டையின் அடியிலிருந்து கத்தல் ஒன்று கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது. இனி அதைத் தடுக்க ஒனேலியோவால் முடியாது.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே டிக்னாவின் தொண்டை வெடித்தது.

“ரேஷன் கடைக்குக் கோழி வந்திருக்கு! கோழி!”

கூடத்தில் நாற்காலிகள் உருண்டன. இடுப்புப் பிடித்துக் குனிந்து வந்தவர் நிமிர்ந்து ஓடினார். ஊன்றுகோல் ஒன்று ஆளில்லாமல் சுவரோரம் நின்றது. குழுவின் இரண்டு தலையாட்டிகளும் தலைவரைக் கேட்காமலே மறைந்தார்கள். பெர்தோமோ ஜன்னலுக்குத் தாவி, இஸ்திரி முகத்தை வெளியே நீட்டி, “கடைசி யாரு? கடைசி யாரு?” என்று அலறினார்.

“நான்தான்!” என்று தெருவிலிருந்து ஒரு குரல். “மஞ்சள் சட்டை!”

“மஞ்சள் சட்டைக்குப் பின்னாடி நான்!”

எங்கிருந்தோ வந்த மாகாணத்தான் நமக்கு முன்னால் இடம் போடுவதா? ஒனேலியோவுக்கு ரத்தம் கொதித்தது. நாற்காலியிலிருந்து துள்ளி ஜன்னலுக்குப் போனான். பல் இடுக்கியிலேயே நின்றுவிட்டது.

“இவதுக்கு பின்னாதி நான்!” என்று, வாயில் வழிந்த ரத்தத்தோடு தெருவைப் பார்த்துக் கத்தினான். “எல்லாதும் கேத்துக்குங்க! நான்!”

பெர்தோமோ திரும்பினார். முதலில் ஒனேலியோவின் வாயைப் பார்த்தார். பிறகு மிக்தாலியாவின் கையில் இடுக்கியைப் பார்த்தார், அதில் மூன்று வேரோடு பல்லைப் பார்த்தார்.

“ஐயா, உங்களுக்கு வலிக்கலையா?”

“என்ன வலி?” என்றான் ஒனேலியோ. உண்மையாகவே கேட்டான்.

“கடவுளே!” என்றார் பெர்தோமோ. “டாக்டர், ரூம் உங்களுக்குத்தான். பெரிசா வேணும்னாலும் எடுத்துக்குங்க. நான் அந்த மஞ்சள் சட்டையைக் கண்ணுலேந்து விடக்கூடாது, வரேன்.” போய்விட்டார்.

மருத்துவமனையில் ஓர் ஆள் மிச்சமில்லை. ஒனேலியோவும் கதவை நோக்கி நடந்தான்.

“உக்காரு. பஞ்சைக் கடி” என்றாள் மிக்தாலியா. “கோழியும் இல்லை, ஒண்ணும் இல்லை. நான்தான் டிக்னாவைக் கத்தச் சொன்னேன்.”

அவன் கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். இப்போது வலி வந்தது. வட்டியோடு வந்தது.

“எதுக்கு?”

“நேத்து ரொட்டிக் கடையில பாத்தேனே. கடற்கரைக்குப் போகாதவன் வரிசைக்குப் போவான்னு தெரிஞ்சுது.”

அவன் பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கினான். சொல்லிவிடலாமா, வேண்டாமா என்று மூன்று வருஷமாகத் திறக்காத வாயை, மெல்லத் திறந்தான்.

“மிக்தாலியா, நான் ஒருநாளும்…”

“தூங்கினதே இல்லை. தெரியும்.”

“எப்போலேந்து?”

“முதல் நாள்லேந்து. ஊசி போட்டப்போ உன் மூஞ்சி அசையலை. கால் கட்டைவிரல் செருப்புக்குள்ள சுருண்டுச்சு. தூங்கறவனுக்குச் சுருளாது.” இடுக்கியைத் தட்டில் வைத்தாள். “ஊருக்கு முன்னாடி நான் தோத்துப் போகக் கூடாதுன்னு ஒருத்தன் ஊசிக்குத்தை முழுங்கறான். அவனை எழுப்பி, நீ தூங்கலைன்னு எப்படிடா சொல்றது?”

அவனுக்கு அழுகை வந்தது. பல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அழுதான். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ரேஷன் கடைக்காரன் கோழி இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான். “இத்தனை பேர் காத்திருக்கோம், எப்படி இல்லாம இருக்கும்?” என்று பெர்தோமோ அதட்டினார். ஊர் முழுக்க அவர் பக்கம். வெயில் ஏறியும் ஒருவர் நகரவில்லை. முட்டிவலி, இடுப்புவலி என்று வந்த அத்தனை பேரும் நின்ற நிலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மிக்தாலியா நோயாளியின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய தோள்.

“வலிக்குதா?” என்றான். இத்தனை வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“தினமும்.” அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்கு யாரு சொல்லுவா? நீ ஏதாவது சொல்லேன்.”

“எனக்கு என்ன தெரியும்?”

“தெரிஞ்சதைச் சொல்லு.”

ஒனேலியோ எழுந்து பக்கத்தில் வந்தான். அவள் தோளில் கையை வைத்தான்.

“நீ வரிசையில இருக்க” என்று தொடங்கினான், வாய் குழறியது. “நிழல் இருக்கு. உனக்கு முன்னாடி மஞ்சள் சட்டை. உன் இடம் எங்கேயும் போகாது. நான் உனக்குப் பின்னாடி நிக்கறேன்.”

அவள் கண்கள் மூடின. முகம் தளர்ந்தது. மூச்சு சீராக வந்தது. அவன் சொல்லிக்கொண்டே போனான், கோழி கொழுகொழுவென்று இருக்கிறது என்றான், எல்லோருக்கும் போதும் என்றான். கடைசியில், “இப்போ எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“போயே போச்சு” என்றாள் மிக்தாலியா, கண்ணைத் திறக்காமல்.

ஒனேலியோ குனிந்து பார்த்தான். மருத்துவமனைச் செருப்புக்குள் அவள் கால் கட்டைவிரல் இறுகச் சுருண்டிருந்தது.  தோளிலிருந்து கையை எடுக்காமல், வரிசை மெல்ல நகர்கிறது என்று சொன்னான்.