கூரை இறக்கிய கூபே

வெண்டலும் மர்லாவும் பிரிந்தபோது வீட்டுச் சாமான்களை ஒரே மத்தியானத்தில் பிரித்துக்கொண்டார்கள். சண்டை எதுவும் இல்லை. வீடு அவனுக்கு, ட்ரக் அவளுக்கு. நாய் அவளோடு போனது. நல்ல பாத்திரங்கள் எல்லாம் அவளுடைய அம்மா கொடுத்தவை என்பதால் அதிலும் பேச்சு வரவில்லை. கடைசியில் கராஜுக்குப் போனார்கள். அங்கே இருந்த காரின் முன்னால் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடத்து ஃபோர்டு கூபே. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வண்டி. ஷாஃப்டர் பக்கம் ஓர் உருளைக்கிழங்கு விவசாயியின் கொட்டகையில் கிடந்தது. அதன் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய பையன்கள் பழைய வண்டிகளை வெட்டி, எடையைக் குறைத்து, பெரிய எஞ்சின் பொருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டினார்களே, அந்த மாதிரி ஒரு ஹாட் ராடாக இதை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நாற்பத்தொன்பதாம் வருடத்துக்குப் பிறகு தயாரான எதுவும் அதில் ஏறக்கூடாது. கல்யாணத்தின்போதுகூட அவர்கள் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்குறுதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

பிரிவதற்கு முந்தைய வாரம்தான் மர்லா அதன் உயரத்தைக் குறைப்பதற்காகக் கூரையை அறுத்து எடுத்திருந்தாள். கூரை ஒரு பக்கம் பழைய மெத்தைமேல் கிடந்தது. உடல் இன்னொரு பக்கம் கட்டைகள்மேல் நின்றது.

"இருக்கிற நிலையிலேயே வித்துடுங்க" என்றார் பிரிவு விஷயத்தைப் பார்த்துக்கொண்ட வக்கீல்.

"தலையை வெட்டிப் போட்டுட்டு முண்டத்தை விக்கச் சொல்றீங்களா?" என்றாள் மர்லா.

அவள் சொன்னதுதான் சரி என்று வெண்டலும் தலையை ஆட்டினான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. முடித்துவிடுவது, பிறகு யாருக்கு என்று பார்த்துக்கொள்வது. சனிக்கிழமைகளில் அவள் வருவாள். காரைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

நான் அடுத்த வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவன். எண்ணெய்க் கிணறுகள் சூழ்ந்த ஆயில்டேலில் எங்கள் தெருவில் வேலிகள் இடுப்பு உயரம்தான் இருக்கும். முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் வெண்டல் வேலியோரம் வந்து நின்றான்.

"ஹாலிஸ் பெருசு, நாளைக்கு உனக்கு என்ன வேலை?"

"என்னைக்கு இருந்துச்சு, நாளைக்கு இருக்க?"

"அப்போ கராஜுல வந்து உட்காரு. அவளும் நானும் மட்டும் இருந்தா ஒரு மாதிரி இருக்கும்."

"நான் என்ன செய்யணும்?"

"காபி குடி. எதையாவது பிடின்னா பிடி."

இப்படித்தான் நான் அந்தக் கராஜுக்குள் போனேன். ஒரு வருடத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்தேன்.

ஓர் அங்குலத்துக்காகப் பிரிந்தார்கள் என்று தெருவில் சொன்னார்கள். கூரையை நான்கு அங்குலம் இறக்க வேண்டும் என்றானாம் வெண்டல். மூன்று போதும் என்றாளாம் மர்லா. அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் மூன்று அங்குலத்தில் கோடு போட்டு அறுத்துவிட்டாளாம். அறுத்தது உண்மைதான். ஆனால் பிரிவுக்குக் காரணம் அதுவல்ல என்பதை நான் உட்கார்ந்து கேட்டதில் புரிந்துகொண்டேன். வீட்டுக்குள் அவர்களுக்குப் பேச்சு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு அவள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கராஜில் மட்டும் பேச்சு நிற்கவில்லை.

அவள் எண்ணெய்க் குழாய்களை இணைக்கும் யார்டில் வெல்டர். தகடு, ஈயம், கூரை எல்லாம் அவள் கையில். அவன் பம்பு எஞ்சின் பழுதுபார்ப்பவன். எஞ்சின், கியர், பிரேக் அவனுடையவை.

கூரையைத் திரும்ப வைத்துப் பார்த்த நாளில் வெளியே கண் தெரியாத மூடுபனி. அந்த வண்டியின் கூரையைத் தாங்கும் தூண்கள் மேலே போகப் போக உள்பக்கம் சாய்பவை. நடுவில் மூன்று அங்குலம் எடுத்துவிட்டு மேல்பாதியைக் கீழே இறக்கினால் தூணோடு தூண் சேராது. மேல்பாதி சின்னதாகிவிடும். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முன் தூணைக் கொஞ்சம் சாய்ச்சு ஒட்டிடு. வேலை சுலபம்" என்றான் வெண்டல்.

"சாய்ச்சா கதவுக் கண்ணாடி எங்கே போய் உட்காரும்? உன் மடியிலயா?"

"அப்போ?"

"கூரையைக் குறுக்கே அறுத்து நடுவுல தகடு வெச்சு நீட்டணும்."

"ஒரு வெட்டுக்கே இந்தப் பாடு. இதுல இன்னொண்ணா? நாலு அங்குலம் எடுத்திருந்தா பார்க்கவாவது அழகா இருந்திருக்கும்."

"நாலு எடுத்திருந்தா உண்டியல் ஓட்டை வழியா ரோட்டைப் பார்த்துட்டுப் போயிருப்ப. ஹாலிஸ், நீங்களே சொல்லுங்க."

"நான் காபி குடிக்க வந்தவன்மா. கை வலிக்குது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

அவள் சொன்னபடியே அறுத்தார்கள். அந்தக் காலத்து முறையில் கேஸ் நெருப்பு வைத்துத்தான் வெல்டிங். சூட்டில் தகடு நெளிந்தது. அவள் ஈரத்துணியால் ஒற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். பிறகு இணைப்புகளின்மேல் ஈயத்தை உருக்கி, கொழுப்பு தடவிய மரக்கரண்டியால் இழுத்துவிட்டாள். சூடு குறைந்தால் ஈயம் ஒட்டாது, கூடினால் தரையில் கொட்டிவிடும். அவள் அதைச் செய்யும்போது வெண்டல் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். அவள் திரும்பினால் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வான்.

வசந்தத்தில் கர்ட்டிஸ் வந்தான். வாஸ்கோ பக்கம் ஒரு பாதாம் தோட்டத்தில் நீர்ப்பாசனம் பார்ப்பவன். உயரமானவன், நல்ல சுபாவம். மர்லாவோடு புதிதாகப் பழகத் தொடங்கியிருந்தான். சாயங்காலம் அவளை அழைத்துப்போக வருவான். முதலில் தன் ட்ரக்கிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் வெண்டலே வெளியே போய், "உள்ளே வாய்யா. வெயில்ல ஏன் வேகறே?" என்று கூப்பிட்டான். பீர் எடுத்துக் கொடுத்தான். கர்ட்டிஸ் வண்டியைச் சுற்றி வந்தான். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

"அருமையா இருக்கு. இதுல ஒரு புது எஞ்சினைத் தூக்கி வெச்சா ஏசியும் போட்டுக்கலாம் இல்ல?"

"என்னது?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

நான் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். மர்லா சிரித்துவிட்டாள். வெண்டலும் சிரித்தான். கர்ட்டிஸும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அன்றைக்குப் போகும்போது, மர்லா வந்து ஏறுவதற்கு முன், ட்ரக் ஜன்னல் வழியாக என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "எப்பவுமே இப்படித்தானா?"

"எப்படி?"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறது."

"காரைப் பத்தின்னா அப்படித்தான்" என்றேன். மர்லா ஏறியதும் அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அதன்பிறகும் வந்தான். அதற்காக அவனை நான் மதித்தேன்.

கோடையில் உடல் முடிந்துவிட்டது. கறுப்பு பிரைமர் பூச்சு அடித்து, சிவப்புச் சக்கரங்கள் மாட்டி, ராணுவம் கழித்துப்போட்ட பழைய விமானத்தின் இரண்டு இருக்கைகளை வைத்தாயிற்று. மிச்சம் எஞ்சின் மட்டும். பழைய பக்கவால்வு வி-எட்டு, எட்டு சிலிண்டர். அந்த எஞ்சின்களின் பிளாக்கில், அதாவது வார்ப்பிரும்பு உடம்பில், வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விரிசல் விழுவது சகஜம். வெண்டல் வாங்கிய முதல் பிளாக் அப்படித்தான் போயிற்று. அதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். இரண்டாவதை ஃப்ரெஸ்னோவிலிருந்து கொண்டுவந்தான். பூட்டினான், மூன்று கார்புரேட்டர்களையும் மேலே வரிசையாக வைத்தான். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் எல்லாம் திரும்பக் கழற்றிக் கிடந்தது. கேஸ்கட் சரியில்லை என்றான். இன்னொரு முறை பேரிங் என்றான். இலையுதிர்காலம் தொடங்கும்போது, "இதுலயும் விரிசல் இருக்கு, வேற பிளாக் தேடணும்" என்றான்.

"எங்கே?" என்று கேட்டாள் மர்லா.

"மூணாவது சிலிண்டர் பக்கம். மெல்லிசா இருக்கு, கண்ணுக்குத் தெரியாது."

அவள் சரி என்றாள். அன்று அவளுக்குச் செய்ய வேலை இல்லை. என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நவம்பரில் கர்ட்டிஸோடு வாஸ்கோவுக்குக் குடிபோவதாகச் சொன்னாள். வெண்டலுக்கும் அது கேட்டது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த வாரம் அவள் வரும்போது யார்டிலிருந்து மூன்று ஸ்ப்ரே டப்பாக்கள் கொண்டுவந்தாள். குழாய் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அவள் தினமும் பயன்படுத்துபவை. ஒன்று சுத்தம் செய்ய, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளைப் பொடி. விரிசல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சாயம் உள்ளே இறங்கிவிடும். மேலே துடைத்துவிட்டு வெள்ளையை அடித்தால் சிவப்புக் கோடு எழும்பி வரும்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. பிளாக்கைத் துடைத்தாள், சாயத்தை அடித்தாள், காத்திருந்தாள். வெண்டல் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றான். தெருவில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சாயத்தை ஒட்டத் துடைத்து வெள்ளையை அடித்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"விரிசல் இல்லை, வெண்டல்."

"தெரியும்."

நான் எழுந்து போகலாமா என்று நினைத்தேன். எழுந்தால் நாற்காலி சத்தம் போடும். அதனால் இருந்துவிட்டேன்.

"எத்தனை தடவை கழட்டின?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"எண்ணல." பிறகு அவனே சொன்னான்: "முடிஞ்சுட்டா சனிக்கிழமை என்ன பண்றதுன்னு தெரியல."

"இதை முடிச்சாலும் நான் திரும்பி வர மாட்டேன். முடிக்காட்டியும் வர மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா சரி. போல்ட் முறுக்கணும், டார்க் ரென்ச்சை எடு."

அன்றைக்கு எஞ்சினை இரண்டு பேரும் சேர்ந்து பூட்டினார்கள். அவள் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்துக் கொடுத்தாள், அவன் முறுக்கினான். தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அது வீட்டுக்குள் இருந்த மௌனம் மாதிரி இல்லை. எனக்கு அப்படித்தான் பட்டது.

அக்டோபரில் எஞ்சின் முதல்முறையாக உறுமி ஓடத் தொடங்கியது. நாய்கள் குரைத்தன, தெரு முழுக்க வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்குத்தான் இத்தனை நாளா?" என்று கத்தினார். வெண்டல் அவருக்குக் கையை ஆட்டிக் காட்டினான்.

நவம்பரில் எல் மிராஜ் என்ற வறண்ட ஏரிப் படுகையில் அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். அவர்கள் உறுப்பினர்களாக இருந்த ஹாட் ராட் கிளப்பின் பெயரில் பதிவு செய்தார்கள். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க உள்ளே இரும்பு வளையம் வேண்டும் என்று பந்தயத்தை நடத்தும் சங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நாற்பத்தொன்பதுக்குப் பிந்தைய ஒரே சாமான் அதுதான். மர்லா முனகிக்கொண்டே வெல்டிங் செய்தாள். வண்டியைக் கர்ட்டிஸ் தன் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தான். நானும் வெண்டலும் என் ட்ரக்கில் பின்னால் போனோம்.

காலையில் படுகை பீங்கான் தட்டுபோல வெடிப்பு விட்டுக் கிடந்தது. முதலில் வெண்டல் ஓட்டினான். போகும்போது வண்டி தெரியவில்லை, அதன் பின்னால் எழுந்த புழுதிதான் தெரிந்தது. மணிக்கு நூற்றுப் பன்னிரண்டு மைல். அடுத்தது மர்லா. நூற்றுப் பதினான்கு.

"நீ ஒல்லி. எடை கம்மி" என்றான் வெண்டல்.

"கியரை எப்ப மாத்தணும்னு எனக்குத் தெரியும்" என்றாள் அவள். முகம் முழுக்க மாவு பூசியதுபோலப் புழுதி. கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

கர்ட்டிஸ் கை தட்டினான். உள்ளே ஏறிப் பார்க்க ஆசைப்பட்டுத் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான். "மூணு அங்குலத்துக்கே இப்படி. நாலா இருந்திருந்தா தலை போயிருக்கும்" என்றாள் மர்லா. வெண்டல் முதல்முறையாக அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ட்ரெய்லரில் ஏற்றும் நேரத்தில் வெண்டல் காரின் சாவியை மர்லாவிடம் நீட்டினான்.

"நீயே வெச்சுக்கோ."

"யாருக்குன்னு இன்னும் பேசவே இல்லையே."

"குனிஞ்சு ஏறி இறங்க என் முதுகு ஒத்துக்கல. தவிர, அங்கே கொட்டகை பெருசுன்னு கர்ட்டிஸ் சொன்னான்."

அவள் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். "சரி, நன்றி" என்றாள். கர்ட்டிஸ் வெண்டலுக்குக் கை கொடுத்தான். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

நாங்கள் திரும்பும் வழியில் மொஹாவியில் சாப்பிட நின்றோம். காற்று வலுவாக அடித்துக்கொண்டிருந்தது, கடைக் கதவைத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. வெண்டல் நன்றாகவே சாப்பிட்டான். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பிறகு செர்ரி பை. அவன் அழுவானோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அழவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே ஓடும் ரயிலைப் பார்த்தான். எண்ணெய் டாங்க் வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிப் பெட்டியும் கடந்து போயிற்று.

பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் தயங்கி, "உனக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு, ஹாலிஸ்?" என்று கேட்டான்.

எத்தனையோ வருடமாகப் பக்கத்து வீடு. அவன் இதுவரை கேட்டதில்லை.

"ரெண்டு. பொண்ணு டூசான்ல இருக்கா. பையன் கப்பல் படை."

"பொண்ணு என்ன பண்றா?"

சொல்லத் தொடங்கினேன். பணிப்பெண் வந்து அவன் கோப்பையில் இன்னும் காபி ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.