கொளஞ்சியப்பன் மாற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர்கள்

ஐஸ் பெட்டி உள்ளே வர வழி வேண்டும். கூடத்தில் வரிசையாக நின்ற கம்ப்யூட்டர்களை மாலதி ஒவ்வொன்றாகச் சுவரோரம் நகர்த்தினாள். எல்லாம் கடலூர்க் கடைக்காரர்கள் கொடுத்தவை. பழைய எக்ஸ்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் செவன் போடுவதற்காக அவள் கணவன் கொளஞ்சியப்பன் வாங்கி வைத்திருந்தான்.

"நீ உக்காருக்கா, நான் பாத்துக்கறேன்," என்றான் தம்பி அறிவழகன்.

"ஒயர புடிச்சி இழுக்காத. அவரு திட்டு..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், ஆஸ்பத்திரி சேருமுன் போய்விட்டான். நாற்பத்து மூன்று வயது.

பத்து மணிக்கு லோகநாயகி வந்தாள். சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவள். கொளஞ்சியப்பன் நேற்றுக் கடைசியாகக் கம்ப்யூட்டர் மாற்றிய இடம் அதுதான். மாலையைப் போட்டுவிட்டு மாலதியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். பதினொன்றாகியும் எழுந்திருக்கவில்லை.

மாலதிக்குப் புரிந்தது. ஏழு வருஷமாகக் கணவனோடு அதே வேலையைச் செய்தவள். மாற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தனி டிஸ்க்கில் எடுத்துக்கொள்வான். மறுநாள் திருப்பி ஏற்றுவான். அந்த மறுநாள் இன்று.

"அக்கா, டிஸ்க்கு அவரு பையிலதான இருக்கு?"

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கேக்க வரலம்மா."

"நாளைக்கு ஆப்பரேசன் எத்தன பேருக்கு?"

"பதினோரு பேரு. ஸ்ரீமுஷ்ணம், சேத்தியாத்தோப்புப் பக்கத்து சனங்க. யாருக்கு எந்தக் கண்ணு, எந்த லென்சு, எல்லாம் அதுலதான் இருக்கு."

மாலதி எழுந்து பையை எடுத்தாள்.

"பொணத்த நடுவூட்டுல வச்சிகிட்டு இதெல்லாமா?" கொளஞ்சியப்பனின் அக்கா இருசம்மாள் குரலை உயர்த்தினாள். மாலதி பையைத் திறந்தாள்.

டிஸ்க்கோடு ஒரு நோட்டும் வந்தது. லோகநாயகியின் திரையில் எது எந்த இடத்தில் இருந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தான். 2004-ல் சிதம்பரம் தெற்கு வீதி மாடியறையில் தொழில் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். அவன் சொல்லச் சொல்ல மாலதி எழுதுவாள். "எதுக்குங்க இந்த வேல?" என்று அப்போது கேட்டிருக்கிறாள்.

"வூட்டுக்கு வெள்ள அடிச்சாலும் சாமி படத்த பழைய ஆணியிலதான மாட்டறோம்?"

அவர்கள் மாற்றிய முதல் கம்ப்யூட்டரும் லோகநாயகியுடையதுதான். திரையில் எக்ஸ்பியின் பச்சை மேடும் நீல வானமும் வந்ததும், "ஐயோ, என் ஃபைலெல்லாம் எங்க?" என்று அலறினாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு மூவருக்கும் டீ வரவழைத்தாள். கொளஞ்சியப்பன் அன்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

மாலதி டிஸ்க்கை லோகநாயகியிடம் நீட்டினாள். "இத சொருகுனதும் உங்க பேருல ஃபோல்டர் இருக்கும். அப்படியே காப்பி பண்ணிக்குங்க. எதையும் அழிச்சிடாதீங்க."

"எடுக்கறதுக்கு முன்னாடி எப்படிம்மா போறது?"

"அவரு இருந்தா உங்கள இவ்வளவு நேரம் உக்கார வச்சிருக்க மாட்டாருக்கா. கெளம்புங்க."

அதுவரை அழாமல் இருந்த லோகநாயகி, டிஸ்க்கை முந்தானையில் பொதிந்துகொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஐந்து மணிக்கு லோகநாயகியின் போன் வந்தது.

"பதினோரு பேரும் இருக்காங்கம்மா."

"சரிக்கா."

சற்று நேரத்தில் கொளஞ்சியப்பனின் செல் அடித்தது. திருவந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெரியவர். சேதி தெரியாதவர்.

"சார் இல்லிங்களா? புதுசு மாத்துனதுலேருந்து பிரிண்டர் வரமாட்டங்குதும்மா."

சொல்ல வாயெடுத்த மாலதி, "பிரிண்டர் சுவிட்ச அணைங்க. பத்து எண்ணிட்டுத் திரும்பப் போடுங்க," என்றாள்.

அவர் வாய்விட்டு எண்ணினார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. மாலதி ஈரத் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சும்மா! சார்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

காகிதம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விழும் சத்தம் கேட்டது. அவர் வைக்கும்வரை அவள் செல்லைக் காதிலிருந்து எடுக்கவில்லை.